மதிலைச் செப்பனிடக் காசு கொடுத்தவர் யார்? இடைக்கால இங்கிலாந்தின் மதில்வரி குறித்து ஒரு விவாதம்

கோட்டைவாசல் எழுதியது:

இடைக்கால ஐரோப்பிய நகரங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மதிலின் உயரத்தையும் முற்றுகைகளையும் சுற்றியே வருகிறது. மழையிலும் உறைபனியிலும் கல் பெயர்ந்து, சுண்ணாம்புக் காரை உதிர்ந்து, அகழி தூர்ந்துபோகும் ஒரு மதிலை விடாமல் செப்பனிட்டுக்கொண்டே இருந்தாக வேண்டும் என்பதும், முற்றுகையே காணாத நகரத்துக்கும் அந்தச் செலவு உண்டு என்பதும் அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை இந்த இழையில் பேசலாம். எல்லா நாடுகளையும் இழுத்துப் போட்டால் பேச்சு சிதறிவிடும் என்பதால் இங்கிலாந்தையே மையமாக வைத்துக்கொள்வோம்.

அங்கே அதற்கென்றே ஒரு வரி இருந்தது. மியூரேஜ் என்பது அதன் பெயர். மதில்வரி என்றே நான் எழுதுகிறேன். 1220-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிறுவனாக அரியணை ஏறிய மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில், உள்நாட்டுப் போர் ஓய்ந்த கையோடு இது பரவத் தொடங்கியது. வேல்ஸ் எல்லைப் பக்கமாக இருந்த ஷ்ரூஸ்பரி, பிரிட்ஜ்நார்த், வூஸ்டர், ஹெரஃபோர்ட் ஆகிய நகரங்கள் முதலில் பெற்றவற்றுள் அடங்கும். மன்னர் தம் கருவூலத்திலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. விற்பனைக்காக நகரத்துக்குள் வரும் பொருள்களின்மீது இன்ன ஆண்டுவரை சுங்கம் வாங்கிக்கொள்ளலாம், அதை மதிலுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று முத்திரையிட்ட ஆணை ஒன்றைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆரம்பகால ஆணைகளின் கட்டணப் பட்டியல் எளிமையானது. அதே மாவட்டத்து வண்டி சரக்கோடு வந்தால் அரைப் பென்னி. வேற்று மாவட்டத்து வண்டி என்றால் ஒரு பென்னி. குதிரைப் பொதி ஒன்றுக்குக் கால் பென்னி. சுள்ளிக்கட்டு ஏற்றிவந்த குதிரைக்கு மட்டும் விலக்கு. விற்கக் கொண்டுவரும் குதிரைக்கும் மாட்டுக்கும் அரைப் பென்னி. பத்து ஆடுகளுக்கு ஒரு பென்னி. பிற்காலப் பட்டியல்கள் நீண்டுகொண்டே போய், தோல், கம்பளி, மது, மீன், உப்பு, இரும்பு, சாயப்பொருள் என்று சந்தையில் விலைபோகும் ஏறத்தாழ எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேர் சொல்லிக் குறிப்பிட்டன.

என் கருத்து இது: மதில் காத்தது உள்ளே குடியிருந்தவர்களை, ஆனால் அதற்கான காசு வெளியிலிருந்து வந்தவனின் வண்டியில்தான் முதலில் வசூலானது. நகரத்தார் தங்கள் பாதுகாப்புச் செலவை நாட்டுப்புறத்தார்மீது இறக்கிவைத்தார்கள் என்று சொல்வது மிகையாகுமா?


ஏட்டுச்சுவடி எழுதியது:

மிகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதையை 1220-இல் தொடங்கியதால்தான் அது புதிய அநீதி போலத் தோன்றுகிறது. நகர மதிலின் பாரம் நாட்டுப்புறத்தின் தோளில் ஏறியது அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே.

டேனியர் படையெடுப்புகளை எதிர்கொள்ள ஆல்ஃப்ரெட் மன்னரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தென் இங்கிலாந்தில் இருந்த தங்கள் வெஸ்ஸெக்ஸ் அரசு முழுவதும் அரண்கொண்ட ஊர்களை அமைத்தார்கள். 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த 'பர்கல் ஹைடேஜ்' என்ற ஆவணம் ஒவ்வொரு அரணுக்கும் எத்தனை 'ஹைடு' (அக்காலத்து நில அளவு) நிலம் ஒதுக்கப்பட்டது என்று பட்டியலிடுகிறது. ஹைடு ஒன்றுக்கு ஓர் ஆள். பதினாறரை அடி நீளமுள்ள ஒரு கோல் மதிலுக்கு நான்கு ஆட்கள். வின்செஸ்டருக்கு ஒதுக்கப்பட்டவை 2,400 ஹைடுகள். கணக்கைப் போட்டால் 600 கோல், அதாவது 9,900 அடி வருகிறது. அந்நகரின் பழைய ரோமானிய மதிலின் சுற்றளவும் ஏறத்தாழ அதே அளவுதான். ஏட்டில் இருந்த கணக்கு தரையில் நின்ற கல்லோடு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது அந்தக் காலத்து ஆவணங்களில் அரிது.

1086-இல் தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' என்ற நிலக் கணக்கெடுப்புப் பதிவேட்டில் செஸ்டர் நகரைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. நகர மதிலையும் பாலத்தையும் பழுதுபார்க்க, மாவட்டத்தின் ஒவ்வொரு ஹைடிலிருந்தும் ஓர் ஆளை அதிகாரி வரவழைப்பார். ஆள் வராவிட்டால் அவனுடைய பிரபு 40 ஷில்லிங் அபராதம் கட்ட வேண்டும். உழைப்பாக வாங்கப்பட்டது காலப்போக்கில் காசாக மாறியது. வாங்கப்பட்ட இடம் வயலிலிருந்து நகர வாயிலுக்கு நகர்ந்தது. கொடுத்தவன் பெரும்பாலும் மாறவில்லை.

அதே பதிவேட்டில் ஆக்ஸ்ஃபோர்டு பற்றிய குறிப்பு வேறொரு முறையைக் காட்டுகிறது. அங்கே 'மதில் மனைகள்' என்று சில வீடுகள் இருந்தன. படைக்குச் செல்லும் கடமையும் மதிலைச் செப்பனிடும் கடமையும் தவிர வேறு எந்த வரியும் அந்த வீடுகளுக்கு இல்லை. செப்பனிட வேண்டியவர் செப்பனிடாமல் விட்டால் 40 ஷில்லிங் அபராதம் கட்ட வேண்டும், அல்லது வீட்டை இழக்க வேண்டும். இங்கே கடமை மனையோடு ஒட்டியிருந்தது. சந்தைக்கு வருகிறவனைச் சாரவில்லை.


கோட்டைவாசல் எழுதியது:

செஸ்டர் எடுத்துக்காட்டு பொருத்தமானது. ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. ஆல்ஃப்ரெட் காலத்து அரண், ஆபத்து வந்தால் சுற்றுப்புற மக்களும் உள்ளே ஓடிவந்து தங்குவதற்கான இடமாகவும் இருந்தது; எனவே அவர்கள் உழைப்பைக் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் வேற்று மாவட்டத்திலிருந்து உப்பு கொண்டுவரும் வண்டிக்காரனுக்கு ஹெரஃபோர்டின் மதில் என்ன பாதுகாப்பைத் தந்தது? அவனிடம்தான் உள்ளூர்க்காரனைப்போல் இரண்டு மடங்கு வாங்கினார்கள்.


நாணயக்காரன் எழுதியது:

நியாய அநியாயத்தைப் பேசும் முன் தொகையைப் பார்ப்போம். அரைப் பென்னிகளையும் கால் பென்னிகளையும் சேர்த்து உண்மையில் ஒரு மதிலைக் கட்ட முடியுமா?

செலவுக்கு உறுதியான ஓர் எண் வேல்ஸில் கிடைக்கிறது. கார்னார்வன் நகர மதிலை முதலாம் எட்வர்ட் கோட்டையோடு சேர்த்து அரசுப் பணத்தில் கட்டினார். 1294-இல் மடோக் அப் லிவெலின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் மதில் சேதமடைந்தது. 1295-இல் அதைச் செப்பனிட ஆன செலவு 1,195 பவுண்டு. பவுண்டுக்கு 240 பென்னி வீதம் அது 2,86,800 பென்னி. வெளி மாவட்டத்து வண்டிக்கு ஒரு பென்னி என்ற வீதத்தில் இந்தத் தொகை சேர 2,86,800 வண்டிகள் வாயிலைக் கடக்க வேண்டும்.

இனி வருவது கற்பனைக் கணக்கு. எந்த நகரத்தின் ஏட்டிலிருந்தும் எடுத்ததன்று. வாரச் சந்தைக்கு நூறு வெளியூர் வண்டிகள் தவறாமல் வருகின்றன, ஒருவரும் ஏய்க்கவில்லை, ஒருவருக்கும் விலக்கில்லை என்று கொள்வோம். ஆண்டுக்கு 5,200 பென்னி, அதாவது 21 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்னி சேரும். கார்னார்வன் பழுதுபார்ப்புக்கு ஈடாக 55 ஆண்டுகள் வசூலிக்க வேண்டும். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொத்தனாரின் நாள் கூலி நான்கு பென்னியளவில் இருந்தது. 5,200 பென்னிக்கு 1,300 நாள் கூலி. ஐந்து கொத்தனார்களை ஆண்டுக்கு 260 நாள் வைத்துக்கொள்ளலாம். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் காளவாய் விறகுக்கும் சித்தாளுக்கும் வண்டிக்கும் ஒரு காசுகூட மிஞ்சாது.

கவென்ட்ரி நகரம் தன் மதிலை 1350-களின் நடுவில் தொடங்கி 1534-இல்தான் முடித்தது என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 180 ஆண்டுகள். அவ்வளவு காலம் ஆன மதிலில், கடைசிப் பகுதியைக் கட்டும்போது முதற்பகுதி பழுதுபார்ப்புக்கு வந்திருக்கும். கட்டுமானச் செலவு, பராமரிப்புச் செலவு என்று பிரித்துப் பேசுவதே இத்தகைய நகரங்களுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். மூன்றாண்டு, ஐந்தாண்டு, ஏழாண்டு என்று கெடு வைத்துக் கொடுத்த ஆணைகள் மறுபடி மறுபடி புதுப்பிக்கப்பட்டதற்கும் காரணம் இதுவே.


மேற்குக்காற்று எழுதியது:

"ஒருவருக்கும் விலக்கில்லை என்று கொள்வோம்" என்று நாணயக்காரன் எழுதிய இடத்தில்தான் முழுச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. விலக்கு பெற்றவர்கள் ஏராளம்.

பல நகரங்களின் அரச சாசனங்களில், அந்நகர வணிகர்கள் நாடு முழுவதும் சுங்கம் கட்ட வேண்டியதில்லை என்ற சலுகை எழுதப்பட்டிருந்தது; பிற்காலச் சாசனங்களில் மதில்வரியும் பெயர் சொல்லி அந்தச் சலுகையில் சேர்க்கப்பட்டது. அத்தகைய நகரத்திலிருந்து துணி ஏற்றிவந்த பெரிய வணிகர் சாசன நகலைக் காட்டிவிட்டு வாயிலைக் கடந்தார். அவருக்குப் பின்னால் வெண்ணெய்ப் பானையோடு வந்த கிராமத்தானிடம் காட்ட எந்தச் சாசனமும் இல்லை. எனவே கோட்டைவாசலின் கேள்வியை நான் சற்று மாற்றிக் கேட்பேன்: வெளியூரான், உள்ளூரான் என்பதைவிட, சாசனம் உள்ளவன், இல்லாதவன் என்ற பிரிவுதான் யார் கட்டினார் என்பதை முடிவுசெய்தது.

அயல்நாட்டு வணிகருக்கு 1303-இல் ஒரேயடியாக விலக்குக் கிடைத்தது. முதலாம் எட்வர்ட் வெளியிட்ட 'கார்ட்டா மெர்க்கட்டோரியா' என்ற வணிகர் சாசனம், மதில்வரி, பாலவரி, தெருவுக்குக் கல் பாவுவதற்கான தளவரி மூன்றிலிருந்தும் அவர்களை விடுவித்தது. கைம்மாறாக அவர்கள் மன்னருக்குக் கூடுதல் துறைமுகச் சுங்கம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். மன்னர் விட்டுக்கொடுத்த வருமானம் நகரங்களுக்குச் சேர வேண்டியது. பெற்றுக்கொண்ட வருமானம் தம் கருவூலத்துக்கு வந்தது. நகரத்தார் இதை எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.

லண்டனில் 'ஹான்சா' என்ற வணிகக் கூட்டணியைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்களுக்கு அதற்கும் முன்பே தனி ஏற்பாடு இருந்தது. அவர்கள் மதில்வரி கட்டுவதில்லை. அதற்குப் பதிலாக பிஷப்ஸ்கேட் வாயிலைப் பராமரிக்கும் பொறுப்பு அவர்களுடையது என்று நகரம் கொண்டிருந்தது. வாயில் பாழடைந்தது, வழக்கு எழுந்தது. 1282-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பழுதுபார்ப்புக்கு அவர்கள் 210 மார்க், அதாவது 140 பவுண்டு கொடுத்தார்கள். இனிமேல் வாயிலைச் செப்பனிடுவதோடு, தேவைப்பட்டால் காவல் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஏற்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள். நாணயக்காரனின் கற்பனை நகரம் ஆறரை ஆண்டு வசூலிக்க வேண்டிய தொகை அது.


கல்லெழுத்து எழுதியது:

கணக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். கணக்கைப் பார்த்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே? வசூலானதெல்லாம் மதிலுக்குப் போயிற்று என்று எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்?


ஏட்டுச்சுவடி எழுதியது:

கல்லெழுத்து கேட்டது இழையின் நடுவிலேயே வந்திருக்க வேண்டிய கேள்வி. வசூலானதெல்லாம் மதிலுக்குத்தான் போயிற்று என்று அன்றைய அரசும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்குச் சட்டமே சான்று. 1275-இல் முதலாம் எட்வர்ட் கூட்டிய நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்ட முதல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின் 31-ஆம் பிரிவு மதில்வரியைப் பற்றியது. ஆணையில் கண்ட அளவுக்கு மாறாக வரி வாங்கும் நகரத்தார், எஞ்சிய காலத்துக்கு அந்த உரிமையை இழப்பார்கள். கடும் அபராதமும் கட்டுவார்கள். இப்படி ஒரு பிரிவை எழுத வேண்டி வந்ததே, முறைகேடு ஏதோ ஒரு நகரத்தின் தனிக்கதையாக இருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

13, 14-ஆம் நூற்றாண்டுகளின் அரச ஆணைப் பதிவேடுகளில், இன்ன நகரத்தின் மதில்வரிக் கணக்கைத் தணிக்கை செய்க என்று ஆட்களை நியமிக்கும் ஆணைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வசூலிப்பவர்கள் நகரத்தின் செல்வர்கள், செலவழிப்பவர்களும் அவர்களே, கணக்கு கேட்க முடியாத எளிய நகரத்தார் மன்னரிடம் முறையிட்டபோது தணிக்கையாளர் வந்தார். ஆணைக்குக் கெடு வைத்ததில் மன்னருக்கு இருந்த இலாபமும் இங்கே தெளிவாகிறது. புதுப்பிக்க வரும் நகரத்தாரிடம் பழைய பணம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அவர்களுக்காகப் பரிந்துபேசிய பிரபுவின் நன்றியையும் பெறலாம். ஆணையைக் கொடுக்காமலும் இருக்கலாம்.


நாணயக்காரன் எழுதியது:

இன்னொரு பக்கமும் உண்டு. வசூல் நடந்தாலும் மதில் வேண்டாம் என்று நினைத்த நகரத்தாரும் இருந்தார்கள். சவுத்தாம்ப்டன் துறைமுக நகரம் நிலப்பக்கம் அரண் செய்துகொண்டது. கடல்பக்கம் பெரிதும் திறந்தே கிடந்தது. காரணம் வறுமையன்று. வணிகர்களின் வீடுகளும் கிடங்குகளும் நேரே படகுத்துறையைப் பார்த்து நின்றன. இடையில் மதில் எழுந்தால் சரக்கை இறக்கி ஏற்றுவது கெடும். 1338 அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு, ஜெனோவாக் கப்பல்கள் அந்தத் திறந்த பக்கமாக வந்து நகரத்தைக் கொள்ளையிட்டு எரித்தன. பிறகுதான் மூன்றாம் எட்வர்டின் வற்புறுத்தலில் கடல்பக்க மதில் மெல்ல எழுந்தது. மேற்குப் பக்கத்தில் வணிகர் வீடுகளின் முன்சுவர்களையே மதிலாக்கி, கதவுகளையும் சன்னல்களையும் கல்வைத்து அடைத்து, வெளியே வளைவுகளைச் சேர்த்துக் கட்டினார்கள். அந்த வளைவுகள் இன்றும் நிற்கின்றன. பணம் எவ்வளவு செலவானது என்பதைவிட, யாருடைய வாசல் அடைபட்டது என்பதுதான் அந்த நகரத்தில் உண்மையான விலை என்று எனக்குத் தோன்றுகிறது.


மேற்குக்காற்று எழுதியது:

சவுத்தாம்ப்டனைச் சொன்னதால் அதன் 1454-ஆம் ஆண்டு நிலப்பதிவேட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நகரத்தின் மனைகளையெல்லாம் தெருத் தெருவாகப் பட்டியலிட்டு, மதிலின் எந்தப் பகுதியை எந்த மனைக்காரர் பராமரிக்க வேண்டும் என்று அது வகுத்துச் சொல்கிறது. ஏட்டுச்சுவடி குறிப்பிட்ட ஆக்ஸ்ஃபோர்டு மதில் மனைகளின் காலத்துக்கு நாம் திரும்பி வந்துவிட்டதுபோல் இருக்கிறது. சுங்கம் போதவில்லை என்றால் கடமை மீண்டும் மனையின்மீதுதான் விழும்.

லண்டனில் 1477-இல் மேயர் ரால்ஃப் ஜோஸ்லின் செய்ததும் இதன் இன்னொரு வடிவம். மூர்ஃபீல்ட்ஸ் வெளியில் மண்ணெடுத்து அங்கேயே செங்கல் சுட்டார்கள். மதிலைத் துண்டு துண்டாக வணிகக் குழுக்களுக்குப் பங்கிட்டார்கள். ஆல்ட்கேட் பக்கத்துப் பகுதி மென்மயிர்த்தோல் வணிகர்களுக்கு. பிஷப்ஸ்கேட்டிலிருந்து ஆல்ஹாலோஸ் தேவாலயம்வரை மேயருடைய சொந்தக் குழுவான துணி வணிகர்களுக்கு. கிரிப்பிள்கேட்டிலிருந்து ஆல்டர்ஸ்கேட் நோக்கிய பகுதி பொற்கொல்லர்களுக்கு. இறந்துபோன செல்வர் சர் ஜான் கிராஸ்பியின் சொத்திலிருந்து அவருடைய உயில் நிறைவேற்றுநர்கள் ஒரு நீண்ட பகுதியைக் கட்டினார்கள். மேயரே தம் குழுவுக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொண்ட பிறகு மற்றக் குழுக்கள் எப்படி மறுக்க முடியும்?


கோட்டைவாசல் எழுதியது:

தனி மனிதர்களின் கொடையையும் இந்த வரிசையில் சேர்க்கலாம், ஆனால் அதைத் தூய கொடை என்று சொல்லத் தயங்குகிறேன். நாரிச் நகரம் 1297-இல் மதில்வரி ஆணை பெற்றுக் கட்டத் தொடங்கியது. 1340-களில் பணி முடிவுறாமல் நின்றபோது ரிச்சர்ட் ஸ்பிங்க் என்ற செல்வந்தர் தம் பணத்தில் வாயில்களையும் கோபுரங்களையும் முடித்துக் கொடுத்து, கல்லெறியும் பொறிகளையும் வாங்கி வைத்தார். பதிலுக்கு நகரம் அவரை வரிகளிலிருந்தும் சுங்கத்திலிருந்தும் விடுவித்தது. முன்கூட்டியே மொத்தமாகக் கட்டிய வரி என்று இதைச் சொல்வதே பொருத்தம். கேன்டர்பரியின் மேற்கு வாயிலை 1380-ஐ ஒட்டிப் பேராயர் சைமன் சட்பரி தம் செலவில் எழுப்பியது வேறு வகை. அவர் எந்தச் சுங்க விலக்கையும் எதிர்பார்த்திருக்க முடியாது. 1381 உழவர் கிளர்ச்சியில் லண்டனில் கொல்லப்பட்டதால், அதன் நிறைவை அவர் பார்த்திருக்க வாய்ப்பும் குறைவு.

காசே கைமாறாத ஏற்பாடும் உண்டு. 1374-இல் லண்டன் நகரம் ஆல்ட்கேட் வாயிலின் மேலுள்ள குடியிருப்பைக் கவிஞர் ஜெஃப்ரி சாசருக்கு வாழ்நாள் முழுவதும் வாடகையின்றிக் கொடுத்தது. அவர் அதை நல்ல நிலையில் செப்பனிட்டு வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போர் வந்தால் நகரம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. அக்காலத்தில் அவர் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்க அதிகாரி என்பது இந்த இழைக்கு ஒரு சுவையான துணைச் செய்தி.


கல்லெழுத்து எழுதியது:

பிரான்சை ஒரு பத்தியில் மட்டும் தொட்டுவிடுகிறேன். ஒப்பிட்டால்தான் இங்கிலாந்து முறையின் இயல்பு தெரியும். 1356-இல் புவாத்தியே போரில் பிரெஞ்சு மன்னரே சிறைப்பட்ட பிறகு, நகரங்கள் அவசர அவசரமாக அரண் செய்யத் தொடங்கின. டூர் நகரம் பழைய ரோமானியக் கோட்டைப் பகுதியையும் புனித மார்ட்டின் தேவாலயத்தைச் சுற்றிய பகுதியையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்தது. அந்நகரின் கணக்கேடுகள் 1358-இல் தொடங்குவது தற்செயலன்று. மதில் செலவைக் கண்காணிக்க வேண்டியிருந்ததால்தான் நகராட்சிக் கணக்கே பிறந்தது. பல பிரெஞ்சு நகரங்கள் சில்லறை மதுவின் அளவுக் குவளையைப் பத்தில் ஒரு பங்கு சுருக்கின. விலை அதே விலைதான். சுருங்கிய அளவின் மதிப்பு மதிலுக்குப் போயிற்று. இங்கே கட்டுபவர் வாயிலில் நிற்கும் வண்டிக்காரர் அல்லர். நகரத்துக்குள் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் நகரத்தாரே பெரும்பான்மை. ஆகவே கோட்டைவாசலின் குற்றச்சாட்டு இங்கிலாந்துக்குப் பொருந்தும் அளவுக்குப் பிரான்சுக்குப் பொருந்தாது.


நாணயக்காரன் எழுதியது:

இங்கிலாந்துக்கும் முழுமையாகப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வாயிலில் காசு கொடுத்தவன்தான் இறுதியில் பாரத்தைச் சுமந்தான் என்பது உறுதியன்று. நகரத்தார் உணவுக்கும் விறகுக்கும் வெளியூரானை நம்பியிருந்தார்கள். பக்கத்தில் வேறு சந்தை இருந்தால் வண்டிக்காரன் அங்கே போவான்; போகாமல் இங்கேயே வந்தால் கொடுத்த அரைப் பென்னியை விலையில் ஏற்றுவான். அப்படி ஏற்றினால் கட்டியது வாங்கியவரே. மாற்றுச் சந்தை தொலைவில் இருந்த சிறு விவசாயி மட்டும் அதைத் தானே தாங்கியிருப்பான். சுள்ளிக்கட்டுக்கு விலக்கு அளித்த கை, அது யார் அடுப்பில் எரியப்போகிறது என்று அறிந்தே அளித்திருக்கிறது.


ஏட்டுச்சுவடி எழுதியது:

நாணயக்காரனின் வாதத்தை ஒப்புக்கொண்டாலும், விலையில் ஏறியது நகரத்து ஏழையின் ரொட்டியிலும் மீனிலும்தான். அவரிடம் சாசனமும் இல்லை, தோட்டமும் இல்லை. சொத்தின்மீது வரி போட்டிருந்தால் செல்வர்கள் கூடுதலாகக் கட்டியிருப்பார்கள். சொத்துவரியைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு சுங்கத்தை முதல் வழியாக எடுத்த நகர மன்றங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று: மதில் தேவையற்றுப் போனபோதும் வரி உடனே ஒழிந்துவிடவில்லை. செஸ்டரில் 'மியூரெஞ்சர்' என்ற மதில் அதிகாரிகள் 18-ஆம் நூற்றாண்டிலும் பதவியில் இருந்தார்கள். துறைமுகத்துக்கு வந்த சரக்கின்மீதான சுங்கத்தைக் கொண்டு மதிலைப் பராமரித்தார்கள். அதற்குள் அந்த மதிலின் மேல்தளம் நகரத்தார் மாலையில் உலாவும் நடைபாதையாக மாறியிருந்தது.


கோட்டைவாசல் எழுதியது:

அப்படியானால் செஸ்டர் நிர்வாகத்தின் தொடர்ச்சியே நமக்குக் கிடைக்கும் மிக நீண்ட வரிசை: 1086-இல் ஹைடுக்கு ஓர் ஆள், இடையில் வாயிலில் சுங்கம், 18-ஆம் நூற்றாண்டில் கப்பல் சரக்கின்மீது தீர்வை. மூன்றிலும் முதலில் கை நீட்டப்பட்டது நகரத்துக்கு வெளியே இருந்தவரிடம். விலையில் ஏற்றினாரா இல்லையா என்பதை அந்தக் கணக்கேடுகள் சொல்வதில்லை. யாரிடம் கேட்பது எளிதென்று நகரம் கருதியது என்பதைச் சொல்கின்றன. என் முதற்பதிவின் கருத்தில் 'சாசனம் இல்லாத வெளியூரான்' என்ற திருத்தத்தோடு நான் நிற்கிறேன். யார்க், கிரேட் யார்மவுத் மதில்வரிக் கணக்குகளைப் படித்தவர்கள் இருந்தால் அடுத்த பதிவுகளில் எழுதுங்கள். யார்மவுத் ஏடுகள் 1336 முதல் சில ஆண்டுகளுக்குக் கிடைக்கின்றன, அங்கே வந்தது பெரும்பாலும் மீன் சரக்கு.